அணிந்திருக்கும் ஆடையில் ஃபயர் போல்ட் பற்றுமா?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், தீயை எறியும் ஃபயர் போல்ட் மந்திரத்துக்கு விதிநூல் வைத்திருக்கும் ஒரு நிபந்தனையை, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் எக்காரணத்துக்காகவும் தளர்த்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி, 120 அடிக்குள் இருக்கும் ஓர் உயிரின் மீதோ பொருளின் மீதோ இந்தத் தீப்பொறியை எறியலாம். குறி தப்பாவிட்டால், தொடக்க நிலையில் பத்துமுகப் பகடை ஒன்று காட்டும் அளவுக்குச் சேதம் உண்டு. எரியக்கூடிய பொருளின் மீது பட்டால் அது தீப்பற்றும், ஆனால் அதை எவரும் அணிந்திருக்கவோ தன்னோடு எடுத்துச் செல்லவோ கூடாது என்பதுதான் அந்த நிபந்தனை.

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நாங்கள் ஆடும்போது, மந்திரவாதியாக ஆடும் தம்பி இந்த இடத்தில்தான் பிடிவாதமாக நின்றான். "அண்ணே, அந்த கொப்ளின் போர்வை பூரா எண்ணெய ஊத்தியாச்சு. நெருப்பு பட்டா பத்திக்காதா?" என்று கேட்டான். கொப்ளின் என்பது ஆட்டத்தில் எதிரியாக வரும் ஒரு குட்டிப் பூதம். நியாயமான கேள்விதான், அதற்கு விதிநூலிலேயே விடையும் இருக்கிறது. எண்ணெயில் நனைந்தவர், ஒரு நிமிடத்தில் அது காய்வதற்குள் தீயால் தாக்கப்பட்டால், கூடுதலாக 5 புள்ளி சேதம் அடைவார். ஒரு குப்பி எண்ணெயையும் தன் முறையையும் செலவழித்தவனுக்கு உரிய பலன் அது. போர்வை பற்றி எரிவது அதில் சேராது.

ஃபயர் போல்ட் ஒரு கேன்ட்ரிப், அதாவது எத்தனை முறை எறிந்தாலும் மந்திர சக்தி குறையாது. மூன்றாம் நிலை மந்திரமான ஃபயர்பால், எட்டு ஆறுமுகப் பகடைகளின் சேதத்தை 20 அடி ஆரத்துக்குள் இருப்பவர்கள் மீது கொட்டினாலும், அதற்கும் இதே நிபந்தனை உண்டு. பெரிய மந்திரத்துக்கு இல்லாத சலுகையைச் செலவே இல்லாத சிறிய மந்திரத்துக்குக் கொடுப்பது எப்படி முறையாகும்? எதிரியின் போர்வை எரியலாம் என்று தீர்ப்பளித்துவிட்டால், அடுத்த சண்டையில் எதிரி எறியும் பொறிக்குத் தம்பியின் மந்திரப் புத்தகமும் சாம்பலாக வேண்டியிருக்கும். அதனால் இந்த நிபந்தனை ஆட்டக்காரர்களையே அதிகம் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறேன்.

எது எரியக்கூடியது என்பதை மட்டும் விதிநூல் விரித்துச் சொல்வதில்லை. அங்கேதான் டன்ஜன் மாஸ்டர் தாராளமாகத் தீர்ப்பளிக்க வேண்டும், அதற்கான அறிவு மலையகத்தில் எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஊவாப் பக்கம் வறட்சிக் காலத்தில் காய்ந்த மானாப்புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதும், பைனஸ் மரத்தின் உதிர்ந்த ஊசியிலைகள் பிசினோடு எப்படிச் சடசடவென்று எரியும் என்பதும் தெரியாதவர்கள் இங்கே குறைவு. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளான மிலாறும் நன்றாகக் காய்ந்திருந்தால் உடனே பற்றிக்கொள்ளும். அதுவே மழையில் ஊறியிருந்தால், அடுப்பின் முன் குனிந்து எவ்வளவு ஊதினாலும் கண் எரிச்சலும் புகையுமே மிஞ்சும். ஆகவே ஆட்டத்தில் ஈர விறகின் மீது ஃபயர் போல்ட் எறிந்தால் புகை மட்டுமே வரும் என்று சொல்வேன். காய்ந்த ஊசியிலைகளை அடியில் பரப்பிவிட்டு எறிந்தால், பகடை எதையும் உருட்டச் சொல்லாமலே தீ மூண்டது என்று அறிவித்துவிடுவேன்.