டென்மார்க் வரியும் அமெரிக்க ஓட்டும்

ஐரோப்பியர்கள் சந்தோஷமாக வரி கட்டுகிறார்கள், அமெரிக்கர்களுக்குத்தான் அதன் பலன் புரியவில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி.

2015 அக்டோபரில், அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்களின் விவாதத்தில் பெர்னி சாண்டர்ஸ் டென்மார்க்கை உதாரணம் காட்டினார். நாம் டென்மார்க் இல்லை என்று அவருடைய போட்டியாளர் ஹிலாரி கிளிண்டன் மறுத்தார். அந்த மாதக் கடைசியிலேயே டென்மார்க்கின் அப்போதைய பிரதமர் ராஸ்முசன் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, எங்களுடையது சோஷலிசம் இல்லை, சந்தைப் பொருளாதாரம்தான் என்று விளக்க வேண்டியதாயிற்று!

சாண்டர்ஸ் பணக்காரர்களின் வரியைப் பற்றித்தான் அதிகம் பேசினார். டென்மார்க்கிலோ எல்லோருமே கட்டுகிறார்கள். ரொட்டி, பால் உட்பட ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 25 சதவீத மதிப்புக்கூட்டு வரி. புது கார் என்றால், அதன் விலையில் ஒரு வரம்புக்கு மேல் உள்ள பகுதிக்குப் பதிவு வரி 150 சதவீதம். (சைக்கிள் மோகத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.) பதிலுக்கு மருத்துவமனையில் பில் கிடையாது, கல்லூரியில் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் தேசிய அளவில் விற்பனை வரியே இல்லை. அதைக் கொண்டுவருகிறேன் என்று எந்த வேட்பாளர் வாய் திறப்பார்? புதிய வரி கிடையாது என்று 1988 அதிபர் தேர்தலில் வாக்குக் கொடுத்து ஜெயித்த குடியரசுக் கட்சியின் மூத்த புஷ், 1990-இல் வரியை உயர்த்த ஒப்புக்கொண்டு 1992 தேர்தலில் தோற்றார். தோல்விக்கு அது மட்டும் காரணமில்லை, ஆனால் அவர் கட்சி அதை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், இதில் தேர்தல் முறைக்கும் பங்கு உண்டு. டென்மார்க்கில் ஒரு கட்சி 2 சதவீத ஓட்டு வாங்கினாலே நாடாளுமன்றத்தில் இடம் உண்டு. அதனால் தலைவர்கள் மற்றக் கட்சிகளோடு பேரம் பேசித்தான் ஆள வேண்டும். அமெரிக்காவிலோ அதிபரை மாநில வாரியான தேர்வாளர்கள்தான் முடிவு செய்கிறார்கள்; அதனால் 2016-இல் டிரம்பைவிட சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கிய ஹிலாரி தோற்றார். கட்டுரையாளர் இதைத் தொடவேயில்லை.