‘திவிநெகும சட்டத்தை நீதிமன்றம் ரத்துச் செய்தது’ என்பது சரியல்ல

மேலே ஒருவர், “திவிநெகும சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது, இப்போதும் எந்தச் சட்டத்தையும் அப்படி வழக்குப் போட்டு நீக்கலாம்” என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

திவிநெகும என்பது சமுர்த்தி போன்ற வறுமை ஒழிப்பு அமைப்புகளை ஒரே திணைக்களத்தின் கீழ் கொண்டுவந்த சட்டம். 2012இல் நீதிமன்றம் பார்த்தது சட்டத்தை அல்ல, சட்டமூலத்தை, அதாவது இன்னும் நிறைவேறாத வரைவை. இலங்கையில் சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்ததும் எந்தக் குடிமகனும் அதை எதிர்த்து மனுப் போடலாம். அன்று அதற்கு இருந்த அவகாசம் ஒரே ஒரு வாரம். இப்படி மனுப் போட வழி தருவது அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரை. சட்டமாக நிறைவேறிவிட்டால் 80(3)ஆம் உறுப்புரை கதவை மூடிவிடுகிறது; அப்புறம் அது செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அதனால்தான் அந்த அவகாசம் அவ்வளவு முக்கியம்.

திவிநெகும விடயத்தில் நீதிமன்றம் முதலில் சொன்னது, மாகாண சபைகளிடம் அனுப்பிக் கருத்துக் கேளுங்கள் என்பது. வடக்கில் அப்போது தெரிவு செய்யப்பட்ட சபையே இல்லை. ஆளுநர் கொடுத்த சம்மதத்தைச் சபையின் சம்மதமாக நீதிமன்றம் ஏற்கவில்லை. எங்கள் மாகாணத்துக்கு இது சின்ன விடயமல்ல. சில பிரிவுகளுக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும், ஒன்றுக்குச் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்றும் சொன்னது. பிறகு திருத்தங்களோடு 2013 ஜனவரியில் சட்டமூலம் நிறைவேறியது. ரத்து எதுவும் நடக்கவில்லை.

நிறைவேறிய சட்டத்தின் கீழ் ஒரு அதிகாரி உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், அந்தச் செயலை எதிர்த்து 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அது வேறு வழக்கு. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள். இதை நம்பிக் காத்திருப்பவர் காலக்கெடுவைத் தவறவிடுவார்.