டவுசர் தைத்துத்தான் நாடுகள் எழுந்தன

ஏற்றுமதி பற்றிய அந்த டிவி விவாத நிகழ்ச்சித் துண்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதனால் இங்கே திரும்பப் போடவில்லை. நேற்று மாலையிலிருந்து எனக்கு அதை அனுப்பாதவர்கள் குறைவு. அனுப்பியவர்களில் சொந்தக்காரர்களும் உண்டு. "அமெரிக்காக்காரனுக்கு டவுசர் தைத்துக் கொடுத்துப் பிழைப்பதற்குப் பெயர் வளர்ச்சியா? 140 கோடிப் பேர் இருக்கிறோம், நமக்கு நாமே தைத்துக்கொண்டால் போதாதா?" என்று அதில் ஒரு பேச்சாளர் கேட்டதும் அரங்கமே கை தட்டுகிறது. எதிரே உட்கார்ந்திருந்த ஏற்றுமதியாளர் வாயைத் திறப்பதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிடுகிறது.

பேசியவரை விடுங்கள், அவருக்குப் பேச்சுதான் தொழில். கை தட்டினார்களே, அவர்கள்மேல்தான் எனக்கு ஆற்றாமை. அவர்கள் போட்டிருந்த சட்டை, கையில் வைத்திருந்த போன், வந்த வண்டிக்கு ஊற்றிய பெட்ரோல், இதெல்லாம் எந்தப் பணத்தில் வந்தது என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. விற்பவர் ரூபாய் வாங்கமாட்டார். டாலர் வேண்டும். அந்த டாலரில் ஒரு பங்கை எங்கள் ஊரான திருப்பூரில் டவுசர் தைத்துத்தான் சம்பாதிக்கிறோம்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கடந்த எழுபது ஆண்டில் ஏழ்மையிலிருந்து எழுந்த பெரிய நாடு எதுவும் கதவைச் சாத்திக்கொண்டு எழவில்லை. வெளியே விற்றுத்தான் எழுந்தது.

தென் கொரியாவைப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் அங்கே ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் நூறு டாலரைச் சுற்றித்தான் இருந்தது. அன்றைக்கு அவர்கள் விற்றது காரும் கப்பலும் இல்லை. ஏழைப் பெண்கள் வெட்டிக் கொடுத்த கூந்தலில் விக் செய்து விற்றார்கள். ஒட்டுப்பலகை விற்றார்கள். சட்டை தைத்து விற்றார்கள். 1964இல் ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டது. அதைக் கொண்டாடி நவம்பர் 30ஐ ஏற்றுமதி நாள் என்றே அறிவித்தார்கள். 1977இல் அது 1,000 கோடி டாலர். பதின்மூன்று ஆண்டில் நூறு மடங்கு. இன்று நம் ஊர் தெருவில் ஓடும் கொரியக் காரைப் பார்த்து வியக்கிறோம். அந்தக் காருக்கு முன்னால் ஒரு தையல் மிஷின் இருந்தது.

வியட்நாம்? அமெரிக்காவோடு அத்தனை ஆண்டு சண்டை போட்டு, குண்டு வாங்கி, சாம்பலாகி நின்ற நாடு. 1986இல் கொள்கையை மாற்றியது. 1994இல் அமெரிக்கத் தடை நீங்கியது, 2001இல் அமெரிக்காவுடன் வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, 2007இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. தன்மேல் குண்டு போட்டவனுக்கே செருப்பும் சட்டையும் தைத்து விற்றது. அவர்களுக்கு மானம் இல்லை என்று அந்த அரங்கத்தில் யாராவது எழுந்து சொல்வார்களா?

சீனாவைப் பற்றி எழுதவே வேண்டாம். 1980களில் சராசரிச் சீனரின் வருமானம் நம்மைவிட உயர்ந்ததில்லை. இன்று நிலைமை உங்களுக்கே தெரியும்.

"கொரியா தன் தொழில்களுக்குப் பாதுகாப்பு கொடுத்துத்தானே வளர்த்தது, அதை மட்டும் மறைக்கிறாயே" என்று படித்த நண்பர் ஒருவர் வருவார். வரட்டும். நான் மறைக்கவில்லை. அங்கே இறக்குமதிக்கு வரி இருந்தது, மலிவு வட்டிக் கடன் இருந்தது. ஆனால் அந்தச் சலுகை ஏற்றுமதி செய்து காட்டியவனுக்குத்தான் கிடைத்தது. ஜனாதிபதியே மாதாமாதம் ஏற்றுமதிக் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்டார். நாம் 1991 வரை கொடுத்த பாதுகாப்பு எப்படிப்பட்டது? வெளியே விற்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். கடைசியில் இரண்டு மூன்று வாரத்து இறக்குமதிக்குக்கூட அந்நியச் செலாவணி இல்லாமல், 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தோம். "நமக்கு நாமே" என்று இருந்து பார்த்தாகிவிட்டது ஐயா. எங்கள் தலைமுறைக்கு வேண்டுமானால் அது பழைய கதை, என் அம்மா தலைமுறைக்கு இல்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திண்டுக்கல் பக்கம் மானாவாரிக் காடு, மழை பொய்த்தால் சோளமும் இல்லை. 80களின் கடைசியில் அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்னால்தான், 1978இல், இத்தாலி வியாபாரி ஒருவர் பம்பாய் வழியாக இந்த ஊருக்கு வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்திருந்தார். எங்கள் ஊர் ஏற்றுமதிக் கதையை அங்கேதான் தொடங்குவார்கள். அதுவரை உள்ளூருக்கு பனியனும் ஜட்டியும் தைத்த ஊர்.

அம்மா முதலில் கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கை உதவியாகச் சேர்ந்தார். பிறகு செக்கிங். டியூப்லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டே ஒவ்வொரு பீஸையும் உள்ளும் வெளியும் புரட்டி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, கழுத்துப் பட்டி கோணியிருக்கிறதா என்று பார்ப்பது. பிசிறு நூலை டிரிம்மரால் வெட்டி வெட்டி வலது கட்டைவிரலில் காய்ப்புக் காய்த்துவிட்டது. சனிக்கிழமை சம்பளக் கவர் அவர் கைக்கே வரும். அவர் பெயர் எழுதிய கவர். ஊரில் இருந்தவரை கூலி வாங்கப் போனால் அப்பா கையிலோ தாத்தா கையிலோதான் கொடுப்பார்கள். அந்தக் கவரில்தான் எனக்கு ஸ்கூல் பீஸ் கட்டினார். நான் இன்று மெர்ச்சண்டைசராக உட்கார்ந்து ஐரோப்பாக்காரனோடு விலை பேசுகிறேன். டவுசர் தைப்பது கேவலம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. கோபப்படாமல் எழுதத்தான் பார்க்கிறேன்.

பணம் மட்டும் வரவில்லை, வேலை செய்யும் முறையும் வந்தது. எங்கள் யூனிட்டில் ஓவர்லாக் மிஷினில் ஊசி உடைந்தால் லைன் நிற்கும். உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த லாட் முழுக்க மெட்டல் டிடெக்டரில் போகும். குழந்தை உடையில் ஊசி முனை இருந்துவிடக் கூடாதே! சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்டதால் வந்த பழக்கம் இது. இன்று உள்நாட்டுக்குத் தைக்கும் நல்ல கம்பெனிகளும் அதே ஒழுங்கில் தைக்கின்றன. பயன் யாருக்கு? கை தட்டியவர்களின் பிள்ளைகளுக்கும்தான்.

"அப்படியானால் அமெரிக்கா நம் சரக்குக்கு வரி போட்டதும் ஏன் அழுதீர்கள்? ஒரே ஆளை நம்பினால் இப்படித்தான்" என்கிறார்கள். ஆமாம், 2025 ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம், 27ஆம் தேதி 50 சதவீதம். எங்கள் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே போய்க்கொண்டிருந்தது. டாலர் விலை அச்சிட்ட டேக் தொங்க, பாலிபேக் போட்டு, கார்ட்டனில் அடுக்கி டேப் ஒட்டிய சரக்கு குடோனில் அப்படியே நின்றது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட், பிறகு வாரத்தில் சில நாள். வலித்தது, அழுதோம். ஆனால் அது வர்த்தகம் செய்ததால் வந்த வலியா, வர்த்தகத்தைத் தடுத்ததால் வந்த வலியா? கதவைச் சாத்தியவன் செய்தது தப்பு என்றால், நாமும் சாத்திக்கொள்ளலாம் என்பது எப்படித் தீர்வாகும்? 1930இல் அமெரிக்கா வரியை உயர்த்தியது, மற்ற நாடுகளும் பதிலுக்குப் பதில் உயர்த்தின. ஏற்கனவே வந்திருந்த பெருமந்தம் இன்னும் இறுகி, சில ஆண்டுகளில் உலக வர்த்தகத்தின் மதிப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனது.

"அதை உள்ளூரில் விற்க வேண்டியதுதானே?" இதைச் சொல்பவர்கள் ஒரு தடவை திருப்பூர் காதர்பேட்டைக்கு வாருங்கள். ஏற்றுமதி ஆகாமல் தேங்கிய சரக்கு ஸ்டாக் லாட்டாக மலை மாதிரி கிடப்பதைப் பாருங்கள். ஆறடி உயர அமெரிக்கனின் அளவில், பனிக்காலத்துக்கு என்று உள்ளே பஞ்சு எழுப்பிய துணியில், குல்லா வைத்துத் தைத்தது. மதுரை வெயிலில் அதை யார் போடுவார்கள்? பையரின் லேபிளை வெட்டாமல் விற்கவும் முடியாது. தைத்த கூலிகூடத் தேறாத விலைக்குத்தான் போகும். உள்நாட்டுச் சந்தையும் திருப்பூருக்குப் பெரிய சந்தைதான், இல்லை என்று யார் சொன்னது? அது ஏற்கனவே நிரம்பி ஓடுகிறது. இரண்டும் வேண்டும்.

வரி என்றால் அமெரிக்காவை மட்டும் திட்டுகிறோம். 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு நாமே 11 சதவீதம் வரி போட்டோம். மறு வருஷம் மே மாதத்தில் பஞ்சு கண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை ஏறி, ஊரே கடையடைப்பு செய்தது நினைவிருக்கிறதா? அதற்கு முந்தைய மாதம்தான் வரியை நிறுத்திவைத்திருந்தார்கள், பிறகு திரும்பப் போட்டார்கள், 2025 ஆகஸ்டில் மறுபடி சில மாதத்துக்கு நிறுத்தினார்கள். உள்ளே வரும் பஞ்சுக்கு வரி போட்டால் வெளியே போகும் பனியன்மேல்தான் அது விழும். பருத்தி விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கட்டும், என் தாத்தாவும் பருத்தி போட்டவர்தான். அதற்குக் கொள்முதல் நிலையம் திறங்கள், நேரடியாகப் பணம் கொடுங்கள். தையல்காரி சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.

நொய்யலை எழுதாமல் விட்டால் என்னைத் தப்பிக்கிறான் என்பீர்கள். விடவில்லை. சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றைக் கொன்றது உண்மை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையானது உண்மை. கீழே இருந்த விவசாயிகளுக்கு நடந்த அநியாயத்துக்கு எந்த டாலர் கணக்கும் சமாதானம் ஆகாது. 2011இல் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது சரிதான். அதன் பிறகுதான் கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு உருப்படியாக நடைமுறைக்கு வந்தது. இந்தக் குற்றச்சாட்டு ஒன்றைத்தான் நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் உள்ளூர் பனியனுக்குப் போட்ட சாயமும் அதே ஆற்றில்தான் கலந்தது.

சுரண்டல் என்பார்கள். அதுவும் உண்டு. தென் கொரியாவின் சியோல் நகரத்துத் தையல் தொழிலாளி சோன் தே-இல், தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள் என்று 1970இல் தீக்குளித்தார். வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று தையல் கம்பெனிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் உள்ளே அனுப்பியிருந்தார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு பிராண்டுகளும் கட்டடப் பாதுகாப்புக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டன. வாங்குகிறவன் கழுத்தைப் பிடிக்க முடிந்ததால் அது நடந்தது. உள்ளூருக்கு மட்டும் தைக்கும் ஒரு சின்னப் பட்டறை தீப்பிடித்தால் யார் கழுத்தைப் பிடிப்பீர்கள்?

வங்கதேசம் என்றதும் இதையும் கொட்டிவிடுகிறேன், ரொம்ப நாளாக உறுத்துகிறது. 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்து, கம்பெனிகள் மூடி, தெருவில் பிணம் விழுந்த வாரத்தில் எங்கள் ஊர் வாட்ஸப் குழுக்களில் வந்தது என்ன தெரியுமா? "ஆர்டர் எல்லாம் இனி நமக்குத்தான்." பட்டாசுப் படம் போட்டு. அங்கே மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஏறக்குறைய 40 லட்சம் தொழிலாளிகள். அவர்களுக்கும் சம்பளக் கவர் உண்டு, ஊரில் அம்மா அப்பா உண்டு. 1979இல் 130 பேரைக் கொரியாவின் பூசானுக்கு அனுப்பித் தையல் பழகிக்கொண்டு வந்து தொடங்கிய தொழில் அது. உழைத்து வந்தார்கள். ஐரோப்பாவில் அவர்களுக்கு வரி இல்லை, நமக்கு இருந்தது என்பது வாஸ்தவம். அதற்கு நம் அரசு பேசி ஒப்பந்தம் போட வேண்டும் என்று அப்போது கேட்டிருக்கலாம். நானும் உங்களோடு நின்று கேட்டிருப்பேன். அடுத்தவன் வீட்டில் இழவு விழுந்தால் நம் வீட்டில் உலை கொதிக்கும் என்று நினைப்பது என்ன புத்தி?

வியாபாரக் கணக்காகவே பார்த்தாலும் அது தப்பு. இந்தியாவிலிருந்து போகும் பருத்தி நூலை அதிகம் வாங்கும் நாடுகளில் முதல் வரிசையில் இருப்பது வங்கதேசம்தான். நாட்டின் நூற்பாலைகளில் ஏறக்குறைய பாதி நம் மாநிலத்தில். திண்டுக்கல்லிலும் ராஜபாளையத்திலும் ஓடும் நூற்புக் கதிர்களில் எத்தனை டாக்காவை நம்பி ஓடுகின்றன என்று மில்லில் வேலை பார்ப்பவரைக் கேளுங்கள். 2025இல் நாம் அவர்கள் சரக்குக்கு நம் வழியைக் குறைத்தோம், அவர்கள் தரைவழி வரும் நம் நூலை நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். லாரியில் லோடு ஏற்றுகிறவனும் மில் ஷிப்டுக்குப் போகிற பெண்ணும் தட்டியிருக்கமாட்டார்கள்.

"நீ வங்கதேசத்துக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று எழுதப்போகிறவர்களுக்கு: ஆமாம், வாங்குகிறேன். பட்டாசுப் படம் வந்து சரியாக ஒரு வருஷத்தில் நமக்கு 50 சதவீதம், அவர்களுக்கு 20 சதவீதம் என்று வரி வந்தது. நம் ஆர்டர் அந்தப் பக்கம் போனது. அப்போது அங்கேயும் யாராவது பட்டாசுப் படம் போட்டிருந்தால் அவர்களுக்கும் இதையேதான் எழுதியிருப்பேன்.