இந்தியன் ஓப்பன்: கோல்ஃப் கேடிகள் எழுதிய வரலாறு குருகிராமிலேயே நின்றுவிடக் கூடாது

இந்தியன் ஓப்பன் கோல்ஃப் பற்றிப் பேச்சு வந்தாலே இப்போது பரிசுத்தொகையில்தான் ஆரம்பிக்கிறது. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் 22.5 லட்சம் டாலர். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் போட்டியின் மதிப்பு அதில் இல்லை. வெற்றியாளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: 1991 மற்றும் 1993 அலி ஷேர், 2002 விஜய் குமார், 2009 சி. முனியப்பா. மூவருமே கேடிகளாக இருந்து வந்தவர்கள். அடுத்தவர் மட்டைப் பையைத் தோளில் சுமந்தவர்கள் அதே நாட்டின் தேசியக் கோப்பையைத் தூக்கியிருக்கிறார்கள். பணக்காரர் ஆட்டம் என்று கோல்ஃபை ஒதுக்கிவிடுகிறவர்கள் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

முதலில் பழைய கதை. போட்டி 1964-ல் தொடங்கியது. அதற்கு உந்துதலாக இருந்தவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன். பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்றவர். ஆசியாவில் கோல்ஃப் வளர வேண்டுமானால் ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்தமாக ஒரு ஓப்பன் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். முதல் ஆண்டு அவரே வென்றார், பிறகு 1966, 1976 என்று இன்னும் இரண்டு முறை. நடுவில் 1965-ல் நடந்ததுதான் அதிசயம். ராயல் கல்கத்தா மைதானத்தில் பில்லூ சேத்தி வென்றார். அவர் தொழில்முறை ஆட்டக்காரரே அல்ல, அமெச்சூர். அமெச்சூர் என்பதால் பரிசுப் பணத்தில் ஒரு ரூபாய்கூட எடுத்துக்கொள்ள முடியாது. கோப்பை மட்டும்தான். அவருக்குப் பிறகு எந்த அமெச்சூரும் இதை வென்றதில்லை.

அடுத்த இந்திய வெற்றிக்கு 26 ஆண்டுகள் ஆயின. இடையில் 1967, 1968 இரண்டிலும் ஜப்பானின் கென்ஜி ஹோசோயிஷி, 1981-ல் பின்னாளில் யூ.எஸ். ஓப்பன் வென்ற பெய்ன் ஸ்டூவர்ட் என்று கோப்பை வெளியே போய்க்கொண்டே இருந்தது. அதை 1991-ல் நிறுத்தியவர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக வளர்ந்தவர். இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவர்தான்.

டெல்லி கோல்ஃப் கிளப் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். அங்குள்ள லோதி மைதானம் நீளத்தால் மிரட்டாது, அகலத்தால் மிரட்டும். ஃபேர்வே எனும் புல்பாதையின் இரண்டு பக்கமும் முள்ளும் புதரும், நடுநடுவே முகலாயர் காலக் கல்லறைக் கட்டடங்கள். டிரைவர் என்ற நீள மட்டையை எடுத்து ஓங்கி அடித்து, பந்து பதினைந்து கெஜம் விலகினால் போதும், புதருக்குள் போய்விடும். பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், 2019-க்கு முன் ஐந்து. கிடைக்கவில்லையென்றால் மறுபடி முதல் அடி அடித்த டீக்கே திரும்பி மூன்றாவது அடியை அடிக்க வேண்டும். கிடைத்தாலும் நிம்மதி இல்லை. ஆட முடியாத இடம் என்று அறிவித்து ஓர் அடி அபராதம் ஏற்றால் மூன்று வழிகள்: முன்பு அடித்த இடத்துக்கே திரும்புவது, குழியையும் பந்தையும் இணைக்கும் கோட்டிலேயே பின்னால் போவது, அல்லது பக்கவாட்டில் இரண்டு மட்டை நீளத்துக்குள் போடுவது. அடர்ந்த புதரில் இரண்டு மட்டை நீளம் நகர்ந்தாலும் புதர்தான், கோட்டில் பின்னால் போனாலும் புதர்தான். ஆக, மூன்று வழி என்று விதி சொன்னாலும் கையில் இருப்பது ஒன்றுதான்.

அதனால் அங்கே விஷயம் தெரிந்தவர் டீயில் டிரைவரைத் தொடவே யோசிப்பார். தூரம் குறைந்த அயர்ன் மட்டையை எடுத்து 200 கெஜத்தில் பந்தை வைத்துவிட்டு, அடுத்த அடி நீளமாக இருந்தாலும் பரவாயில்லை என்று போவார். எந்தக் குழியில் இடப்பக்கம் நின்றால் கிரீனுக்கு (குழியைச் சுற்றிய மழித்த புல்தரைக்கு) வழி திறக்கும், எங்கே வலப்பக்க மரம் மறிக்கும் என்பது வரைபடத்தைப் பார்த்து வருவதில்லை. அதே பாதையில் ஆயிரம் முறை பையோடு நடந்தவருக்கு அது காலிலேயே இருக்கும். கேடிகள் இந்தப் போட்டியில் தலையெடுத்ததற்கு இது ஒரு பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கொல்கத்தா வீரர் எஸ்.எஸ்.பி. சௌரசியாவும் அப்படித்தான். அவர் அப்பா ராயல் கல்கத்தாவில் கிரீன்களைப் பராமரித்தவர். டிரைவ் தூரத்தில் சௌரசியா யாரையும் பயமுறுத்தியதில்லை. கிரீனைச் சுற்றியுள்ள ஐம்பது கெஜத்தில்தான் அவர் ஆட்டம். 2015-ல் டெல்லியில் கடைசி நாளை ஏழு அடி (மட்டை வீச்சு) பின்தங்கித் தொடங்கிய அனிர்பன் லாஹிரி, 7 அண்டரில், அதாவது பார் என்ற நிர்ணய அடிக்கணக்கைவிட ஏழு குறைவாக வந்து சேர்ந்து, சமநிலையை உடைக்கும் ப்ளே-ஆஃபில் சௌரசியாவைத் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு அதே டெல்லியில் சௌரசியா 15 அண்டரில் வென்றார், லாஹிரி இரண்டு அடி பின்னால். அந்த இரண்டு ஆண்டுகளும் இந்திய கோல்ஃபின் பொற்காலம்.

2017-ல் போட்டி குருகிராமில் டிஎல்எஃப் கிளப்பின் கேரி பிளேயர் மைதானத்துக்குப் போனது. அங்கேயும் சௌரசியாதான், அதுவும் ஏழு அடி வித்தியாசத்தில்! ஆகவே இந்தியரால் அங்கே வெல்லவே முடியாது என்று சொன்னால் அது பொய். முனியப்பா 2009-ல் வென்றதும் டிஎல்எஃப்பில்தான், ஆனால் அது அப்போதிருந்த ஆர்னால்ட் பாமர் மைதானம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாதிடுகிறவர்கள் கவனிக்கவும்.

கேரி பிளேயர் மைதானம் கடுமையானது, நல்லதும்கூட. கிரீன்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். குழிக்கு மேல் பக்கம் பந்து நின்றால் மெதுவாகத் தட்டினாலும் சரிவில் உருண்டு தாண்டிப் போய், கிரீனில் மட்டும் மூன்று அடி (பட்) ஆகிவிடும். 2019-ல் ஸ்டீபன் கல்லாச்சர் கடைசி நாளில் நான்கு அடியில் முடிக்க வேண்டிய 7-வது குழியில் எட்டு அடி எடுத்தார். அப்படியும் மீண்டு ஓர் அடியில் கோப்பையை வென்றார். அந்த மைதானத்தில் எல்லோருக்கும் ஒரு விபத்து காத்திருக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 2024-ல் கெய்ட்டா நகாஜிமா 17 அண்டர், 2025-ல் யூஜினியோ சகார்ரா வெறும் 4 அண்டர். ஒரே மைதானத்தில் ஓராண்டில் 13 அடி வித்தியாசம். பாதையோர ரஃப் புல்லை எவ்வளவு வளரவிடுகிறார்கள், குழியின் கொடியைச் சரிவின் விளிம்பில் வைக்கிறார்களா, கிரீன் எவ்வளவு இறுகியிருக்கிறது, காற்று எப்படி என்பவைதான் ஸ்கோரை இப்படிப் புரட்டிப்போடும்.

ஆனால் 2018 முதல் 2025 வரை அங்கே நடந்த ஐந்து பதிப்புகளிலும் ஓர் இந்தியர்கூட வெல்லவில்லை. கோவிட் காரணமாக மூன்று ஆண்டுகள் போட்டியே நடக்கவில்லை. வெளிநாட்டவர் வெல்வதில் எனக்கு வருத்தம் இல்லை, ஓப்பன் என்றால் எல்லோருக்கும்தான். என் குறை வேறு. ஒரு நாட்டின் தேசியப் போட்டி, உயர்ந்த பாறைச் சரிவும் நீண்ட டிரைவும் கேட்கும் ஒரே மைதானத்தில் ஆண்டுதோறும் நடந்தால், அது ஒரே வகை ஆட்டக்காரரைத்தான் தேடுகிறது. பிரிட்டிஷ் ஓப்பன் ஊர் ஊராகச் சுற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா, பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப். தட்டையான நிலம், வழியெங்கும் குளங்கள். அங்கே பந்தைத் தாழ்வாக, துல்லியமாக அடிக்கத் தெரிய வேண்டும். டெல்லி மைதானத்தை 2019-ல் கேரி பிளேயரின் நிறுவனம் புதுப்பித்துவிட்டது, ஆனாலும் அதன் இறுக்கம் வேறெங்கும் கிடைக்காது.

பழைய கிளப்களில் பார்வையாளர் கூட்டத்துக்கு இடம் போதாது, பயிற்சித் திடல் சிறியது, டிவி வண்டிகள் நிற்க இடமில்லை என்பார்கள். உண்மைதான், பாதி தீர்க்கக்கூடியதும்தான். 2016 வரை டெல்லியில் நடத்தியிருக்கிறார்களே. மூன்றாண்டுச் சுழற்சி வைக்கலாம்: குருகிராம், டெல்லி, கொல்கத்தா. கூடவே ஒன்று செய்ய வேண்டும். ஸ்பான்சர் நேரடியாக அழைக்கும் இடங்களில் இரண்டை ஒதுக்கி, போட்டிக்கு முந்தைய வாரம் நாட்டின் எல்லா கிளப்களின் கேடிகளுக்கும் மைதான ஊழியர்களுக்கும் 36 குழி தகுதிச் சுற்று ஒன்று நடத்துங்கள். ஒரே நாள், கட்டணம் இல்லை, முதல் இருவர் உள்ளே.