டேபிள் தலைப்பில் ஃபார்முலா நிற்காது

"தலைப்பு செல்லில் =பி1 (B1) போட்டுவிட்டு, டேபிளாக மாற்றும் கன்ட்ரோல்+டி (T) அழுத்தினால் தலைப்பு தானாக மாறும்" என்று சிலர் சொல்வது எக்செலில் நடக்காது. டேபிளாக மாற்றும்போதே தலைப்பு ஃபார்முலாக்கள் நிலையான எழுத்தாகிவிடும் என எச்சரிக்கை வரும். பலர் படிக்காமலே ஓகே தட்டிவிடுகிறார்கள். பிறகு பி1 மாறினாலும் தலைப்பு அசையாது.

டேபிளுக்கு நேர் மேலே ஒரு வரிசை விட்டு ஃபார்முலாவை அங்கே எழுதுங்கள். பின் டேபிள் டிசைன் தாவலில் 'ஹெடர் ரோ' டிக்கை எடுத்துவிடுங்கள். ஃபில்டர் பட்டன்கள் போய்விடும், அதுதான் விலை. பழைய நெடுவரிசைப் பெயர்களை வைத்து எழுதிய ஃபார்முலாக்கள் உடையாது.

பி1-இல் தேதி இருந்தால் அதை 'விற்பனை' போன்ற எழுத்தோடு வெறும் & குறி போட்டு ஒட்டாதீர்கள்: 1-4-2024 என்பது "விற்பனை 45383" என்று வரும். தேதியை எழுத்தாக்கும் டெக்ஸ்ட் (TEXT) ஃபங்ஷனுக்குள் வைத்து ஒட்டுங்கள்.