வேடந்தாங்கலின் அடுக்களை

போன ஜனவரியில் வேடந்தாங்கல் போயிருந்தோம். கரைமேல் கொஞ்ச தூரம் நடந்ததும் சித்தப்பா கேட்டார்: "ஏம்ப்பா, ஏரி இவ்வளவுதானா?" அவரைக் குறை சொல்ல முடியாது. மொத்தமே 30 ஹெக்டேர்தான். வழியில் மதுராந்தகம் ஏரியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது குட்டையாகத்தான் தெரியும். அப்புறம் இன்னொன்று கேட்டார்: "இத்தனை பறவைக்கும் இதுல மீன் ஏது?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

பறவைகள் இங்கே வருவது பிள்ளைப்பேற்றுக்கு. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும். அடியில் தண்ணீர் இருக்கும்வரை காட்டுப்பூனை, கீரி தொல்லை குறைவு. கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் நம்பிக் கூடு கட்டும். மழை பொய்த்த வருஷம் கூட்டமும் குறைந்துவிடும். ஆனால் சாப்பாடு? அது சுற்று வட்டாரத்து ஏரிகளிலும் தாங்கல்களிலும் நெல்வயல்களிலும் இருக்கிறது. வேடந்தாங்கல் பிரசவ அறை என்றால் அடுக்களை வெளியே.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி அந்த அடுக்களையைக் காட்டினேன். வயலில் ஒரு நத்தைக்குத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவே ஒரு சந்து தெரியும். தலையைச் சேற்றுத் தண்ணீருக்குள் விட்டு ஏதோ நெம்பியது, நிமிர்ந்தது, விழுங்கியது. வரப்போரம் கிடந்த நத்தை ஓட்டைச் சித்தப்பா எடுத்துப் பார்த்தார். உடையாத முழு ஓடு, உள்ளே ஒன்றுமில்லை. "நல்ல கைவேலைக்காரன்" என்றார்.

ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரியும். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, 1798 வாக்கில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு கேட்டு எழுத்தில் வாங்கியவர்கள் அவர்கள். வனச்சட்டமெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது.

1998 அறிவிப்பில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று வைத்தார்கள். 2020-இல் அதை 3 ஆகக் குறைக்க ஒரு யோசனை கிளம்பியது. பறவை ஏரியில்தானே இருக்கிறது, வயலுக்கு எதற்குக் கட்டுப்பாடு என்று அப்போது என் நண்பர்களே கேட்டார்கள். 2 கிலோமீட்டர்தானே என்றும் தோன்றும். வட்டத்தின் பரப்பைப் போட்டுப் பாருங்கள்: 25-க்கு 9. நூற்றில் 64 பங்கு போய்விடும்! நல்லவேளை, எதிர்ப்பு பலமாக இருந்தது.

2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தாயிற்று. சந்தோஷம்தான். ஆனால் இன்றைக்கும் காவல்கோபுரத்தில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கேமராவை மரத்தின் பக்கமே திருப்புகிறார்கள். சித்தப்பா மட்டும் சாயங்காலம் வயல் பக்கமிருந்து வரிசை வரிசையாகக் கூடு திரும்பிய நாரைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பதுக்கு மேல் குழம்பிப்போய், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.