செரோட்டோனின் கதை மட்டும் போதுமா?

"மூளையில் செரோட்டோனின் குறைந்தால் டிப்ரஷன், மாத்திரை போட்டால் அது கூடிவிடும்" என்று ரீல்ஸில் அடித்துவிடுகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. எஸ்எஸ்ஆர்ஐ எனப்படும் இந்த டிப்ரஷன் மாத்திரைகள், செரோட்டோனின் நரம்பு செல்லுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதைச் சில மணி நேரத்திலேயே தடுத்துவிடுகின்றன. அப்புறம் ஏன் ஆள் தேறுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது?

பல விளக்கங்கள் உண்டு. எனக்குச் சுவாரசியமாகப் படுவது சிகாகோவிலுள்ள இலினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ராசெனிக் குழு துருவிக்கொண்டிருக்கும் விஷயம்.

செரோட்டோனின் மாதிரியான சேதிப் பொருள்கள் வந்து ஒட்டும் புரதம்தான் ஏற்பி. அதற்குக் கீழே, செல் சவ்வின் உட்பக்கம், ஜிஎஸ் ஆல்ஃபா என்றொரு புரதம் இருக்கிறது. ஏற்பி தூண்டப்பட்டதும் இது போய் அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்கிவிட வேண்டும், அப்போதுதான் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு உருவாகிச் சேதி செல்லுக்குள் போகும். ஆனால் சவ்வில் கொலஸ்ட்ரால் செறிந்த இறுக்கமான திட்டுகள் உண்டு, லிப்பிட் ராஃப்ட் என்பார்கள். அங்கே மாட்டிக்கொண்டால் ஜிஎஸ் ஆல்ஃபா கட்டுத்தறி மாடு மாதிரிதான், நொதியிடம் போய்ச் சேருவது கஷ்டம். கட்டிப்போடுவது யார் என்று பார்த்தால் டியூபுலின்! செல்லின் சட்டகமான நுண்குழல்கள் எதனால் ஆனவையோ அதே புரதம்தான், சவ்வோரத்திலும் இருந்துகொண்டு ஜிஎஸ் ஆல்ஃபாவோடு நேரடியாக ஒட்டுகிறது. டியூபுலின்மேல் அசிட்டைல் குழு என்ற சின்ன வேதி ஒட்டு குறைந்தால் பிடி இறுகுகிறது, கூடினால் தளர்கிறது.

2008இல் இந்தக் குழுவினர், மனச்சோர்வால் தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளைத் திசுவை டிரைட்டான் என்ற சோப்பு மாதிரியான திரவத்தில் கரைத்துப் பார்த்தார்கள். ராஃப்ட் அதில் லேசில் கரையாது. ஜிஎஸ் ஆல்ஃபாவின் மொத்த அளவில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் கரையாத பகுதியில் அது அதிகமாகக் கிடந்தது. அதாவது சரக்கு குறையவில்லை, இருக்கிற இடம்தான் தப்பு.

அடுத்தது இன்னும் சுவையானது. எஸ்எஸ்ஆர்ஐ வழக்கமாகத் தடுக்கும் செரோட்டோனின் கடத்தியே இல்லாத எலிக் கிளையா (நரம்பு செல்களுக்குத் துணையான செல்) புற்றுநோய்ச் செல்களில் எஸ்சிட்டலோபிராம் என்ற எஸ்எஸ்ஆர்ஐயை விட்டால், மருந்து மெல்ல மெல்ல ராஃப்டில் போய்ச் சேர்கிறது, 3 நாளில் ஜிஎஸ் ஆல்ஃபா வெளியே நகர்கிறது. டிப்ரஷனுக்கு வேகமாக வேலை செய்யும் கெட்டமைன் என்ற மருந்துக்கு 15 நிமிடம் போதும். நோயாளிகளிடமும் கெட்டமைன் சில மணி நேரத்தில் வேலை செய்வதை யோசித்துப் பாருங்கள்!

சரி, இது எலியின் புற்றுநோய்ச் செல், மனித மனசில்லை. டிப்ரஷனுக்குக் காரணம் டியூபுலின்தான் என்று யாராவது அடுத்த ரீல்ஸ் போட்டால் அதுவும் அதே அரைவேக்காடுதான். ஆனால் இரண்டு வாரம் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று மருத்துவரைக் கேட்காமலே மாத்திரையைத் தூக்கிப்போடுகிறவர்களுக்கு, உள்ளே நடக்கிற வேலை மெதுவானது என்றாவது யாராவது சொல்ல வேண்டாமா?

என் கோபமெல்லாம் செல் சவ்வைக் காட்டும் அந்தப் பாடப்புத்தகப் படத்தின் மேல்தான். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் சொன்ன சவ்வு மாதிரியை (மாடல்) வைத்து, புரதங்கள் சும்மா மிதப்பதாகவே வரைந்துகொண்டிருக்கிறோம். நரம்பிழையின் சவ்வுக்கு அடியில் சுமார் 190 நானோமீட்டருக்கு ஒன்றாக ஆக்டின் என்ற இன்னொரு சட்டகப் புரதத்தின் வளையங்கள் அடுக்கியிருப்பதை ஷியாவெய் ஷுவாங் குழு 2013லேயே படம்பிடித்துக் காட்டியாயிற்று. அடுத்த பதிப்பிலாவது சவ்வுக்குக் கீழே நாலு கோடு போடுங்கப்பா, மை ஒன்றும் தீர்ந்துவிடாது.